முளைநெல்லும் மொந்தையும்

"ஐயா, அந்தக் காலத்திலும் குடித்தார்களா?"

பத்தாம் வகுப்பில், கடைசி வரிசையிலிருந்து எழுந்த கேள்வி இது. ஆற்றுப்படை நூல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வறுமையால் வாடியவர் வள்ளலை நாடிச் சென்ற கதையைச் சொன்னோம். கரிகாலன் பொற்றாமரை சூட்டியதைச் சொன்னோம். வெண்புரவி நான்கு பூட்டிய தேரைத் தந்ததைச் சொன்னோம். சோறும் ஊனும் சலிக்கச் சலிக்கப் படைத்ததைச் சொன்னோம். ஆனால், அந்த விருந்திலே பொற்கலத்தில் வார்த்துக் கொடுத்த மதுவை மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டோம். ஆசிரியர் தாண்டியதை மாணவன் தாண்டவில்லை! பள்ளி நூலகத்து உரைநூலை அவன் முன்பே புரட்டியிருக்கிறான்.

வரலாற்று ஆர்வத்தில் மட்டும் பிறந்த கேள்வியா அது? அவன் தந்தை வெங்காயப் பேட்டையில் மூட்டை சுமப்பவர். மாலையில் கைக்கு வரும் கூலியில் வீடு வந்து சேர்வது எவ்வளவு, வழியிலேயே கரைவது எவ்வளவு என்பதைக் கணக்குப் பாடத்துக்கு முன்பே கற்றவன் அந்தச் சிறுவன். "அந்தக் காலத்திலும்" என்ற சொல்லின் ஈற்றில் நின்ற அந்த "உம்" நம்மைச் சுட்டது. இந்தக் காலத்தின் நிலை அவனுக்குத் தெரியும். அந்தக் காலமாவது வேறாக இருந்திருக்கக் கூடாதா என்னும் ஏக்கமே அந்த "உம்".

நாம் சொன்ன விடை என்ன? "பாடத்தைக் கவனி, உட்கார்!"

வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். பழமையில் இனிப்பதை மட்டும் எடுத்துக்காட்டிக் கசப்பதை மறைப்பது வரலாறு ஆகாது, புராணம் ஆகும். புராணத்தை எதிர்த்துப் பேசும் நாமே புராணிகராகிவிட்டோமே என்ற எண்ணம் அன்றிரவு உறங்கவிடவில்லை.

ஐந்து கோப்பைகள்

கோடை விடுமுறை வந்தது. கல்லூரித் தோழர் ஒருவரைக் காணப் பெங்களூர் சென்றோம். நாம் வரலாறு படித்தபோது அவர் வேதியியல் படித்தார். இன்று, பீர் தயாரிக்கும் சிற்றாலை ஒன்றில் பணியாற்றுகிறார். பெரிய ஆலைகள் ஒரே சுவையில் இலட்சக்கணக்கான புட்டிகளை நிரப்புவதை விடுத்து, சிறிய கொப்பரைகளில் வகைவகையாகச் செய்து அங்கேயே வழங்கும் இடங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் அந்நகரில் பெருகியுள்ளன. 'கிராஃப்ட் பீர்' என்கிறார்கள். கைத்திறன் பீர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னோம். தோழர் சிரித்தார். "வாத்தியாரே, பிள்ளை கேட்டதில் தவறில்லை, நீ பதில் சொல்லாததுதான் தவறு. பொருள் இன்னதென்று முதலில் தெரிந்துகொள், பிறகு வரலாறு பேசலாம்" என்று தம் ஆலைக்கு அழைத்துச் சென்றார். நாம் குடிப்பழக்கம் உடையவரல்லர். ஆயினும், அறிவதற்கு அஞ்சுவானேன்? மரப்பலகை ஒன்றில் ஐந்து சிறு கோப்பைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான் என்பது நமக்கு நாமே விதித்த வரம்பு.

முதற்கோப்பை பொன்னிறம், தெளிந்த நீர்போல் இருந்தது. லாகர் வகை. குளிரில் வைத்து, மெல்ல மெல்ல நொதிக்கவிடுவது. பொகீமிய நாட்டுப் பில்சன் நகரில் 1842-இல் யோசப் குரோல் என்பவர் செய்த வெளிர்நிறப் பீரின் வழிவந்தது. இன்று உலகின் பெரும்பகுதி பீர் என்றவுடன் எண்ணிக்கொள்வது இதைத்தான். இரண்டாவது, பவேரியக் கோதுமைப் பீர். கலங்கிய மஞ்சள் நிறம். முகர்ந்தால் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எழுந்தன. "சிறுமலைப் பழம் சேர்த்தீரோ?" என்றோம். "பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் கைவரிசை" என்றார் தோழர். மூன்றாவது பெல்ஜிய நாட்டுமுறை. ஆரஞ்சுத் தோலும், நம் அடுக்களையில் உள்ள கொத்தமல்லி விதையும் இட்டது. ஐந்தாவது ஸ்டவுட், கருகக் கருக வறுத்த வாற்கோதுமையால் ஆனது, காப்பிக் கொட்டையின் கசப்பும் மணமும் நாவில் நின்றன.

நான்காவது கோப்பையை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கினோம். ஏனெனில், அதன் பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. 'இந்தியா பேல் ஏல்' என்பது அதன் பெயர். ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை மிகுதியாக இட்டதால் வேப்பம்பூவை நினைவூட்டும் கசப்பு. ஹாப்ஸ் மணம் தருவதோடு, கெடாமலும் காக்கும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வரவேண்டிய பீருக்கு அந்தக் காப்பு தேவையாயிற்று. கிழக்கு இலண்டனில் 'போ' என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல் தலைவர்களுக்குப் பீர் விற்றது. 1820-களில் பர்ட்டன் நகர ஆலைகளும் போட்டியில் இறங்கின. திண்டுக்கல் சீமையைத் திப்பு சுல்தானிடமிருந்து 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினி பெற்ற காலமும், அந்தப் பீர்ப் பீப்பாய்கள் நம் துறைமுகங்களில் இறங்கிய காலமும் ஒன்றே. இந்தியா என்ற பெயரைச் சூடிய பீர், இந்தியனுக்காகச் செய்யப்பட்டதன்று; இந்தியனை ஆண்டவனின் தாகத்துக்காகச் செய்யப்பட்டது!

"ஆக, பீர் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு உரியது பனங்கள் மட்டுமே. அப்படித்தானே?" என்றோம்.

"பெயர் அவனுடையது. செய்முறை யாருக்கும் தனிச்சொத்து அன்று. தானியத்தில் இருப்பது மாவு; மாவு நேராக மதுவாகாது. தானியத்தை நனைத்து முளைக்க வைத்தால், அந்த முளையில் ஊறும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுவாக்கும். முளைதான் திறவுகோல். முளைத்த தானியம் எங்கே கொப்பரையில் விழுகிறதோ, அங்கே பீர் பிறக்கிறது" என்றார் தோழர்.

முளை! அந்தச் சொல்லை எங்கோ படித்திருக்கிறோமே என்று நினைவு துழாவியது. ஊர் திரும்பும் இரவுப் பேருந்தில் பிடிபட்டது: பெரும்பாணாற்றுப்படை, அதன் உரை.

சாடிக்குள் இரண்டு நாள்

மறுவாரம் தோழரும் திண்டுக்கல் வந்தார். மலைக்கோட்டைப் பாறையின் நிழல் சாயும் மாலையில், இருவருமாகப் பத்துப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டோம். ஏட்டில் கிடந்த அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றியதால் நம் கைக்கு வந்த செல்வம் அது.

பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. வள்ளலை நோக்கி நடக்கும் பாணன் வழியில் எந்தெந்தக் குடியிருப்பில் என்னென்ன உணவு பெறலாம் என்று அது வரிசைப்படுத்துகிறது. வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே கிடைக்கும் பானத்தைப் புகழ்வதோடு புலவர் நிற்கவில்லை, செய்முறையையே சொல்லிவிடுகிறார்!

கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கவேண்டும். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவைக்கவேண்டும். புற்றுக்குள் கறையான் கட்டும் கூட்டைப் போலத் தோன்றும் ஒரு பொருளை அதில் பிசைந்து கலக்கவேண்டும். வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைக்கவேண்டும். முதிர்ந்தபின் வெந்நீர் கலந்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கவேண்டும். பிசைந்து கலக்கும் பொருள் எது? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை இடித்துச் சேர்க்கும் முளை என்று விளக்குகிறார்.

தோழர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வாத்தியாரே! களியாக வேகவைப்பது மாவைத் திறப்பதற்கு. ஆறவைப்பது, சூட்டில் முளையின் நொதி அழியாமல் இருப்பதற்கு. இடித்த முளை சர்க்கரை ஆக்குவதற்கு. ஈஸ்ட் தானியத்தின் மேலும் பழகிய சாடியின் உட்புறத்திலும் இருப்பதே. இரண்டே நாள் என்பதால் கடுமை குறைவாகவும், கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்புமாகவும், கலங்கலாகவும் இருந்திருக்கும். எங்கள் ஆலையில் நாங்கள் செய்வதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை!"

எண்ணிப் பாருங்கள். 1516-இல் பவேரிய நாட்டில் பீருக்கு ஒரு சட்டம் செய்தார்கள். வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் சேரக்கூடாது என்றார்கள். ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஏனெனில், அப்படி ஓர் உயிர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நொதித்தலுக்குக் காரணம் நுண்ணுயிர் என்பதை மெய்ப்பித்த பாஸ்டர், பீரைப் பற்றியே தனி நூல் எழுதியது 1876-இல். காரணம் அறியாமலே காரியத்தைச் செம்மையாகச் செய்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். சுமேரியர் இருந்தார்கள், சீனர் இருந்தார்கள். அந்த வரிசையில் தமிழ்நாட்டு வலைஞர் வீட்டுச் சாடியும் இருக்கிறது. அதில் தெய்வச்செயல் ஏதுமில்லை. இருப்பது கைப்பழக்கமும் கண்காணிப்பும் தலைமுறை அறிவும்.

"செய்து பார்த்தால் என்ன?" என்றார் தோழர். "பெங்களூரில் உமக்கு உரிமம் உண்டு, திண்டுக்கல்லில் நமக்குச் சிறைதான் உண்டு!" என்றோம். ஆனால், ஒன்று செய்தோம். நிலக்கோட்டைப் பக்கம் உழவர் ஒருவர், நாற்றங்காலில் விதைக்கச் சாக்கில் ஊறவைத்து முளைகட்டிய நெல்லை வைத்திருந்தார். மருந்து கலக்காத நெல் என்பதைக் கேட்டறிந்து, ஒரு பிடியை உமி நீக்கி வாயிலிட்டு மென்றோம். இனித்தது! வெறும் நெல்லில் இல்லாத இனிப்பு. ஐந்து கோப்பைகளும் கற்பிக்காததை அந்த ஒரு பிடி முளை கற்பித்தது. ஆண்டுதோறும் நம் உழவர் சாக்கு மூட்டைக்குள் நிகழ்வதுதான் அன்று சாடிக்குள் நிகழ்ந்தது.

நெல் நம் சமவெளிக்குப் பழைய உறவு. பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழ்ந்தார்கள். ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்கள் கொண்ட சாடி. அதற்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல்! அந்த நெல்லை ஆய்வுக்கூடத்தில் கணித்தபோது கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது. அதே ஈமச்சின்னத்தில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனை ஒன்றும் கிடைத்தது. அந்த நெல் மதுவுக்காக வைத்தது என்று நாம் சொல்ல வரவில்லை. இறந்தவர்க்கு உணவாக வைத்தார்கள் என்பதே பொருத்தம். நாம் சொல்வது ஒன்றுதான்: 2500 ஆண்டுகளுக்கு முன்னே இந்த அடிவாரத்தில் நெல்லும் இருந்தது, சாடியும் இருந்தது, எழுத்தும் இருந்தது.

பெயர்கள் பல

பெங்களூர்ப் பலகையில் ஐந்து பெயர்கள். நம் பழைய நூல்களில் எத்தனை? கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி... எல்லாம் ஒன்றுக்கே இட்ட பல பெயர்கள் என்று கருதிவிடலாகாது. தோப்பி என்பதற்கு நெல்லால் செய்த கள் என்று பொருள் கூறுகிறது உரை. அது வீட்டிலேயே சமைக்கப்பட்டது. பட்டினப்பாலையில் பரதவர் மாந்துவது பனையிலிருந்து பிழிந்தது. திருமுருகாற்றுப்படையில் குன்றவர் அருந்துவது மூங்கில் குழாயில் நெடுநாள் விளைந்த தேன் தேறல். பாரியின் பறம்பு நாட்டில் மதுவை நிலத்தில் புதைத்து முதிர வைத்தார்கள் என்று கபிலர் பாடுகிறார். அந்தப் பறம்பு, நத்தத்திற்குக் கிழக்கே உள்ள பிரான்மலை என்பர். பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்மணத் தேறலைக் குறிக்கிறார். புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது, அயலக மதுவைச் சுமந்துவந்த நெடுஞ்சாடிகளின் உடைந்த துண்டுகள் அதற்குச் சான்று கூறின.

சுவைத்துப் பிரித்தறியும் நாவும் இருந்தது. ஒன்று பாம்பு சினந்ததைப் போல் ஏறும் என்கிறார் ஒருவர். மற்றொன்று தேள் கொட்டியதைப் போல் கடுக்கும் என்கிறார் இன்னொருவர். பெங்களூர் மேசையில் "வாழைப்பழ மணம், காப்பிக் கசப்பு" என்று பேசியவர்களுக்கு முன்னோர் இவர்கள்! கடைவீதியும் இருந்தது, மதுரையிலும் புகாரிலும் கள் விற்கும் இடத்தைக் காட்டக் கொடி பறந்தது. நடுகல்லான வீரனுக்குத் தோப்பியைப் படைத்ததை அகநானூறு சொல்கிறது. வைகைக் கரையில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள், ஆநிரை கவர்ந்த பூசலில் மடிந்தவர் கதை வெறும் பாட்டன்று என்பதை மெய்ப்பித்தன.

இவை அனைத்துக்கும் மேலாக நட்பு இருந்தது. அதியமான் இறந்தபோது ஔவையார் முதலில் நினைத்து அழுதது எதை? கள் சிறிதளவே இருந்தால் தமக்கே தந்துவிடுவானே, நிறைய இருந்தால் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பானே என்று, அந்தப் பகிர்வை நினைத்துத்தான். அரசனும் பெண்பாற் புலவரும் சமமாக அமர்ந்த அந்தக் காட்சியைப் படித்தபோது, தோழர் நீண்ட நேரம் பேசவில்லை.

உப்பில்லாக் கீரை

இதோடு நிறுத்திக்கொண்டால் இனிக்கும். "ஆகா, எம் முன்னோர் வகைவகையாக வடித்தனர், சுவைசுவையாகக் குடித்தனர்" என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால், அந்த மார்தட்டலை எடுத்துச் சென்று மூட்டை சுமப்பவர் மகனிடம் கொடுக்க முடியுமா?

பாம்பின் சினத்தைப் போன்ற தேறல் வருவது சிறுபாணாற்றுப்படையில். நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. மொத்தம் 269 அடிகள். அந்தத் தேறலுக்கு ஏறத்தாழ 100 அடிகள் முன்னே, அதே பாட்டில் வேறொரு வீடு வருகிறது. கூரை இற்று விழுந்த அடுக்களை. கண் திறவாத குட்டிகளுக்குப் பால் கொடுக்கவும் இயலாமல் குரைக்கும் நாய். சுவரில் கறையான், தரையில் காளான். பசியால் இளைத்த ஒரு பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டுவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

ஒரே பாட்டு! ஒரு முனையில் உப்பில்லாக் கீரை. மறுமுனையில் பாம்பாய் ஏறும் தேறல். இடையில் இருப்பது ஒரு வள்ளலின் தயவு. அந்தத் தயவு கிட்டினால் பாணன் பொற்கலத்தில் குடிப்பான். கிட்டாவிட்டால் அவன் மனைவி கதவடைப்பாள். இதைப் பொற்காலம் என்று முழங்குவோர் முதல் 140 அடிகளைப் படித்துவிட்டு முழங்கட்டும்.

குடியின் கேட்டைக் கண்டவர்களும் நம்மிடையே தோன்றினார்கள். வள்ளுவர், கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எதையும் பொறுக்கும் தாயின் முகத்துக்கே குடித்தவன் களிப்பு துன்பம் தரும் என்றார். அவர் நரகத்தைக் காட்டி அச்சுறுத்தவில்லை. தாயின் முகத்தைக் காட்டினார். வடித்த அறிவும் நம்முடையது. கண்டித்த அறிவும் நம்முடையது. ஒன்றை வைத்து மற்றொன்றை மறைப்பானேன்?

குத்தகையும் விலக்கும்

வீட்டுச் சாடியில் விளைந்தது எப்படிக் கடைச் சரக்காயிற்று? விரிப்பின் பெருகும், சுருக்கமாகச் சொல்வோம். ஆங்கிலேயர் கள்ளையும் சாராயத்தையும் வருவாய்க்குரிய துறையாக வளர்த்தார்கள். 1886-ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம் அதற்கு முழுவடிவம் தந்தது. விற்கும் உரிமை ஏலத்துக்கு வந்தது. அதிகத் தொகை கேட்டவன் கடை நடத்தினான். போட்ட பணத்தை எடுக்க அதிகம் குடிக்க வைத்தான். பருகுவோன் மகிழ்ச்சிக்காக இருந்தது, விற்போன் கணக்குக்காக ஆயிற்று. வெள்ளையர் தாகத்துக்கு நீலகிரியிலும் பெங்களூரிலும் பீர் ஆலைகள் எழுந்தன. அவற்றுள் சிலவற்றை இணைத்து 1915-இல் தாமசு லீஷ்மன் உருவாக்கிய நிறுவனமே யுனைடெட் புரூவரீஸ்.

எதிர்ப்பும் எழுந்தது. கள்ளுக்கடை மறியல் நடந்த 1921-இல், ஈ. வெ. இராமசாமி தமக்கு உரிமையான தோப்பில் ஏறக்குறைய 500 தென்னை மரங்களை வெட்டச் செய்தார். ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலுக்கு முன்னின்றார்கள். அதே பெரியார்தாம் பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தை வெளிப்படையாகச் சாடினார். முரண் என்பர் சிலர். தவறென்று பட்டதை நேற்றைய தம் செயலுக்காகக் காப்பாற்றாத துணிவு என்போம் நாம்.

இராசாசி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் விலக்கு. 1971-இல் அது தளர்ந்தது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் நீங்கியது. 1983-இல் அரசே வாணிபக் கழகம் அமைத்தது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. இடையே 1987-இல் கள் மட்டும் தனியே தடைசெய்யப்பட்டது.

விளைவைத் திண்டுக்கல் சமவெளியில் காணலாம். வேடசந்தூர் வழியில் பனைகள் நிற்கின்றன. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அதுவே கள். ஒரு விரல் சுண்ணாம்பு, உழைப்பாளிக்கும் குற்றவாளிக்கும் இடையே கோடு கிழிக்கிறது! கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையான சரக்கோ அரசின் முத்திரையோடு புட்டியில் விற்கிறது. தோப்பி என்ற சொல்லை நம் தெருவில் அறிவார் இல்லை. ஆனால், அசாமில் திமாசா மக்கள் அரிசியால் செய்யும் ஜூடிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் பாட்டிமார் கையில் காத்ததை நாம் உரையாசிரியர் ஏட்டில் மட்டும் காத்தோம்.

"அப்படியானால் கள்ளைத் திற, தோப்பியை வடி என்கிறாயா?" என்று தோழர் கேட்டார். அது ஒரு வாதம். அதை உழவரும் மருத்துவரும் ஆட்சியாளரும் வழக்காடட்டும். நம் கண்ணில் பட்டது வேறு. பெங்களூரில் ஐந்து சிறு கோப்பைகளுக்குத் தோழர் கொடுத்த விலை, அந்த மாணவனின் தந்தையுடைய ஒரு நாட்கூலியை விழுங்கிவிடும். அங்கே அமர்ந்திருந்தோர் பெயர் கேட்டு, மணம் முகர்ந்து, நண்பரோடு பேசிப் பருகினார்கள். வீட்டில் அடுப்பு எரியும் என்பது அவர்களுக்கு உறுதி. இங்கே அவர் சுவைப்பதற்காகக் குடிக்கவில்லை. தோளின் வலியை மறக்கக் குடிக்கிறார். பெயரும் கேட்பதில்லை, மணமும் பார்ப்பதில்லை; நின்றபடியே விழுங்கிவிட்டு நடக்கிறார். சுவை அறிவது வேறு. தன்னை மறப்பது வேறு. முன்னது வசதி உள்ளவன் கலை. பின்னது வசதி இல்லாதவன் மருந்து. மருந்து என்று எண்ணி அவர் வாங்கும் பொருள்தான் அவர் வீட்டு உப்பையும் விழுங்குகிறது. மூட்டையின் சுமையைக் குறைக்காமல் மொந்தையை மட்டும் உடைப்பவரும், மொந்தையை நிரப்பி வருவாய் எண்ணுபவரும், அந்தத் தோளைப் பார்ப்பதில்லை.

விடை

பள்ளி திறந்தது. அவன் பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருந்தான். ஒருநாள் மாலை, அவனையும் அவன் நண்பர் சிலரையும் அழைத்து, தாண்டிய வரிகளைத் தாண்டாமல் நடத்தினோம். "ஆம், அந்தக் காலத்திலும் குடித்தார்கள்" என்று தொடங்கினோம். முளையைச் சொன்னோம், சாடியைச் சொன்னோம், பொருந்தல் நெல்லைச் சொன்னோம். அதியமானையும் ஔவையையும் சொன்னோம். பிறகு, உப்பில்லாக் கீரையைச் சொன்னோம். வள்ளுவர் காட்டிய தாயின் முகத்தைச் சொன்னோம். நம் ஊகங்களை ஊகம் என்றே சொன்னோம்.

சிறுவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். மற்றவர்கள் போனபின் மெல்லக் கேட்டான்:

"ஐயா, அரசன் பேர் இருக்கிறது. பாடினவர் பேர் இருக்கிறது. கள்ளுக்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறது. அந்தக் கீரையை வேகவைத்த அம்மாவுக்குப் பேர் இல்லையா?"

இல்லை, தம்பி. பாட்டில் இல்லை; உரையில் இல்லை; கல்வெட்டிலும் இல்லை. இம்முறை நாம் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் நிற்க, நாமும் எழுந்து நின்றோம்.

வரலாறு எழுதப் புகுவோர், சாடியில் விளைந்ததை எழுதுமுன், கதவுக்குப் பின்னால் வெந்ததை எழுதட்டும்.